ஞானசுந்தரியின் அறையில் ஒரு புற்று

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. நிச்சயமாகப் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களாக இருக்க முடியாது. ஞானசுந்தரிக்கு வைகாசியில் கல்யாணம். புருஷன் வீட்டில் யாருக்குக் கூழ் கெட்டியாக வேண்டும், யாருக்குத் தண்ணியாக வேண்டும் என்று அவள் தெரிந்துகொள்வதற்குள் ஆனி முடிந்துவிட்டது. மாகறலிலிருந்து அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். ஆடி முழுக்க அவள் அம்மா வீட்டில் தின்று, தூங்கி, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்ததும் தாமோதரன் வந்தான். நல்லவன். அதிகம் பேசமாட்டான். சொல்ல வேண்டியது சங்கடமான சேதி என்றால் பேசவே மாட்டான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஜன்னல் வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். உத்திரமேரூரில் இறங்கி, ஏரிக்கரை மேல் ஊரை நோக்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஞானம், நம்ம ரூம்புல ஒரு விசேஷம்."

"இன்னா விசேஷம்?"

"புத்து எழும்பிகீது. மூலையில. எங்கம்மா மஞ்சக் குங்குமம் வெச்சி கும்புட்டுக்கினு கீறாங்க."

"சரி. கும்புடட்டும். நாம எங்க படுக்கறது?" என்று ஞானசுந்தரி கேட்கவில்லை. கேட்க நினைத்தாள். முன்னால் இரண்டு பேர் மாடு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றுதான். மற்றதெல்லாம் கூடமும் சமையல்கட்டும் மாட்டுக்கொட்டாயும். கூடத்தில் மாமியார் ஜெகதாம்பாள் ஒரு பக்கமும், மச்சினன் முனிரத்தினம் தன் டிரான்சிஸ்டரோடு இன்னொரு பக்கமும் படுப்பார்கள். நெல் மூட்டை அடுக்கியிருந்த அந்த அறையைக் கல்யாணத்துக்காகக் காலி பண்ணி, தரை மெழுகி, சுண்ணாம்பு அடித்துப் புதுசுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஞானசுந்தரியின் அப்பா சீராகக் கொடுத்த கட்டில் அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. மீதி இடமே தாராளம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

தாமோதரன் கூடத்தில் தம்பியோடு படுத்துக்கொண்டதால் ஆடி முழுக்க அந்த அறை பூட்டிக் கிடந்தது. கட்டிலுக்குப் பின்னால், மண்சுவரும் தரையும் சேர்கிற மூலையில், கரையான் தன் வேலையைச் சாவகாசமாகப் பார்த்திருந்தது. கடைசி ஆடி வெள்ளியன்று பித்தளைக் குண்டானை எடுக்கப் போன ஜெகதாம்பாள் கதவைத் திறந்ததும் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். ஆடி வெள்ளிக்கிழமை, வீட்டுக்குள் புற்று. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பால் ஊற்றினாள், முட்டை வைத்தாள், மஞ்சள் அரைத்துப் பூசினாள். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டார்கள். மஞ்சள் படுகிறவரைக்கும் அது கரையான். பட்டுவிட்டால் அம்மன். அதற்குப் பிறகு அதன்மேல் மண்வெட்டி வைக்க அந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது.

ஞானசுந்தரி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. உச்சியில் புது மண் இன்னும் ஈரமாக இருந்தது. கட்டிலைக் காணோம். கழற்றி மாட்டுக்கொட்டாயில் சாத்தியிருந்தார்கள். அதன் கால் ஒன்றைக் கரையான் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது. பூவரசு என்று அப்பா சொல்லி அனுப்பிய கட்டில் மாமரத்தால் செய்தது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது. மாமியார் பெருந்தன்மையாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"அத்தே, அப்போ நாங்க..." என்று ஆரம்பித்தாள் ஞானசுந்தரி.

"நீ எங்கூட கூடத்துல பட்த்துக்கோ. தாமு பம்ப்செட்டு கொட்டாயில பட்த்துக்குவான். மோட்டாருக்கும் காவலாச்சு," என்றாள் ஜெகதாம்பாள். "நம்ம வூட்டத் தேடிக்கினு வந்துகீறா பாரு. எத்தினி பேருக்குக் கெடைக்கும் இந்த பாக்கியம்?"

ஞானசுந்தரிக்கு வேண்டியிருந்தது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த அறை. கதவைச் சாத்தினால் சாத்தினபடி இருக்கிற ஓர் அறை. புதுப்பெண் புடவை கேட்கலாம், பூ கேட்கலாம், திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று அழலாம். இதை மட்டும் வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் தெருவில் ஒரு வருஷத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

புருஷனோடு பேசுவதற்கும் இடமில்லை. கழனிக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போகும்போதுதான் பேச முடிந்தது. மோட்டார் ஓடுகிற சத்தத்தில் அந்தரங்கத்தையும் கத்தித்தான் பேச வேண்டும்.

"இப்டியே எவ்ளோ நாளு?" என்று கத்தினாள்.

தாமோதரன் வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தான். உரக்கடையிலிருந்து வாங்கி வந்த பூச்சிப் பவுடர். பிரிப்பதற்கு முன்பே அதன் கெட்ட நெடி மூக்கில் ஏறியது.

"எங்கம்மா ஏரிக்குக் குளிக்கப் போற நேரம் பாத்து புத்துக்குள்ள கொட்டிட்டா போதும். ரெண்டே நாளு."

"பக்கத்துலயே சோறு ஆக்கறோம். நெல்லு மூட்ட கூடத்துல கீது. அப்புறம் அதே ரூம்புலதான் நாம படுக்கணும். இத்த மோந்துக்கினு படுக்கறதா?"

"ஜன்னலத் தொறந்து வெச்சா..."

"எந்த ஜன்னலு?"

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தாமோதரன் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறான்.

"எதுத்தவூட்டு தாயாரம்மா பெரிம்மா எறும்புக்கு இத்தத் தூவித்தானே அவங்க வளத்த கோயி அத்தினியும் செத்துப்போச்சி? நீங்களே சொன்னீங்க," என்றாள் ஞானசுந்தரி. "வேணாங்க. வேற ஏதாவது பாக்கலாம்."

அவன் பொட்டலத்தை மறுபடி வைக்கோலுக்குள் செருகப் போனான். அந்த வைக்கோலைத் தின்னப் போவது மாடு என்று அவள் ஞாபகப்படுத்திய பிறகு, எடுத்துக்கொண்டுபோய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

வேறு ஏதாவது என்று சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அறைச் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வந்தபோது இடுப்பு உயரத்தில் இருந்தது, இப்போது கூரையைத் தாங்கும் பனங்கையைத் தொடப் போகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அறை இருக்கும், அதற்குக் கூரை இருக்காது. மாமியாரிடம் காட்டினாள். "அம்மன் கொடி ஏறுது," என்றாள் ஜெகதாம்பாள்.

ஜெகதாம்பாள் கெட்டவள் இல்லை. கண்டிப்பு உண்டு, வஞ்சகம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் போன பிறகு அவள் எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்பதில்லை. கல்யாண வீட்டில் சமையல் பக்கம் இருப்பாள். கோயிலில் தூணுக்குப் பின்னால் நிற்பாள். இப்போது விடிவதற்கு முன்னால் எழுந்து, தலைக்குக் குளித்து, அம்மியில் மஞ்சளை வெண்ணெய் மாதிரி அரைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். புற்றுக்கு அடியிலிருந்து உச்சிவரை, குழந்தைக்குப் பூசுவதுபோலத் தடவுகிறாள். பிறகு உச்சியில் விரல் வைத்துப் பார்ப்பாள். புது மண் ஈரமாகப் பட்டால், "வளர்றா, வளர்றா," என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஞானசுந்தரி பாயைச் சுருட்டுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் வந்தார்கள். மாவிளக்கு, பால், முட்டை, வெல்லம் போட்ட பச்சரிசி என்று அவரவர் கொண்டுவந்தார்கள். ஊதுவத்தியை நட்டுவைக்க வேறு இடமில்லாமல் புற்றிலேயே குத்திவைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு ஞானசுந்தரி பெருக்க உட்கார்ந்தாள். இத்தனை இனிப்பு சிந்தினால் எறும்பு வராமல் இருக்குமா? வாசற்படி இடுக்கிலிருந்து ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. வெல்லத்தையும் அரிசியையும் பொறுக்கிக்கொண்டு புற்றின் அடிவரைக்கும் போனது. அங்கே மஞ்சள் வழிந்து தரையில் காய்ந்து வளையமாக நின்ற இடத்தில் முன்னால் போன எறும்பு நின்றது. மீசையை ஆட்டிப் பார்த்தது. திரும்பிவிட்டது. பின்னால் வந்ததும் திரும்பியது.

எரிந்துபோன ஊதுவத்திக் குச்சி ஒன்றை அவள் புற்றிலிருந்து பிடுங்கினாள். கூடவே கொஞ்சம் மண் உதிர்ந்தது. மண்ணோடு இரண்டு கரையான் மஞ்சளுக்கு வெளியே வந்து விழுந்து நெளிந்தன. அடுத்த நிமிஷம் அவற்றைக் காணோம். எறும்புகள் தூக்கிக்கொண்டு வாசற்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

மாகறலில் அவள் அம்மா வெல்லப் பானையைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு கோடு போட்டுவைப்பாள். எறும்பு தாண்டாது. ஞானசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. கரையானைத் தின்ன ஒரு படையே வாசலில் வந்து நிற்கிறது. மாமியார் தினமும் பக்தியோடு பூசுகிற மஞ்சள்தான் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மன் எதிரில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் மஞ்சளை நிறுத்துவது எப்படி? அம்மனுக்கு மஞ்சள் பூசாதீர்கள் என்று யார் சொல்ல முடியும்? அந்த வாரம் முழுக்க அவள் இதையே யோசித்துக்கொண்டு குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

வழி தாயாரம்மாள் வாயிலிருந்து வந்தது. தாயாரம்மாள் எதிர்வீடு. அந்தத் தெருவில் எது முறை, எது முறையில்லை என்று சொல்கிற பொறுப்பை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஜெகதாம்பாள் கிண்ணியில் மஞ்சளோடு புற்றுக்கு முன்னால் குனிந்தாள்.

"ஜெகதா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத," என்றாள் தாயாரம்மாள். "வூட்ல சுமங்கலிப் பொண்ணு கீறா. அவ இருக்கசொல்ல நீ மஞ்சளத் தொட்டு அம்மனுக்குப் பூசறது நல்லாவா கீது? நாலு பேரு பேசிக்கினு கீறாங்க."

அந்த நாலு பேரும் தாயாரம்மாள்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஜெகதாம்பாளின் கை பாதியில் நின்றது. விரல்களில் இருந்த மஞ்சளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் சரிதான்," என்றாள். "ஞானம், இந்தா."

ஞானசுந்தரி எழுந்து ஓடிப்போய்க் கிண்ணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறை பாதி கைக்கு வந்துவிட்டது போல இருந்தது. மாமியார் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் காலை அவள்தான் அம்மனைக் கவனித்தாள். முதலில் ஈரத்துணியால் பழைய மஞ்சளையெல்லாம் சுத்தமாகத் துடைத்து எடுத்தாள். பிறகு, தேய்த்துக் குளிப்பதற்கு என்று அம்மா ஒரு டின்னில் போட்டுக் கொடுத்திருந்த கடலை மாவை எடுத்தாள். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் மாவைக் குழைத்தாள். பார்ப்பதற்கு மஞ்சள் மாதிரியேதான் இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு பொட்டு குங்குமம் வைத்தாள்.

"தாயே, நீ எங்க இருந்தாலும் நல்லா இரு," என்று முணுமுணுத்தாள். "நான் கலைக்கறது கரையானத்தான். எனக்கும் ஒரு எடம் வேணும். உனுக்குத் தெரியாதா?"

அம்மன் பதில் சொல்லவில்லை. எறும்புகள் சொல்லின. அன்று மத்தியானத்துக்குள் சின்ன எறும்புகள் புற்றின்மேல் ஏறிவிட்டன. அடுத்தடுத்த நாட்களில் சிவப்பெறும்பு வந்தது. அதற்குப் பின்னால், மாட்டுக்கொட்டாய்ப் பக்கமிருந்து, கட்டெறும்பு கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தது. உள்ளே போக வழி வேண்டுமே என்று ஞானசுந்தரி அதற்கும் ஏற்பாடு செய்தாள். "ஊதுவத்தி நெறைய ஏத்துனா அம்மனுக்கு இஷ்டமாம்," என்று வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்குக் கொத்தாகக் கொண்டுவந்து புற்றைச் சுற்றிலும் குத்தினார்கள். குச்சியைப் பிடுங்கிய ஓட்டையிலெல்லாம் எறும்பு நுழைந்தது.

ஒரு சங்கடம் வந்தது. கும்பிட்டு முடித்த பெண்கள் புற்றிலிருந்து மஞ்சளைத் தொட்டுத் தாலியிலும் கன்னத்திலும் தடவிக்கொள்வது வழக்கம்.

"இன்னாடி ஞானம், மஞ்ச பத்தவே மாட்டேங்குது?" என்றாள் தாயாரம்மாள், கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே.

"மஞ்சக் கெயங்கு பழசு பெரிம்மா. அடுத்த சந்தையில புதுசு வாங்கணும்."

தாயாரம்மாள் மேலே கேட்பதற்குள் அவள் பாதத்தில் ஒரு கட்டெறும்பு கடித்தது. "ஐயோ அம்மா!" என்று அவள் குதித்ததில் ஒரு விளக்கு கவிழ்ந்தது. அம்மன் என்னவோ கோபமாக இருக்கிறாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் பாதியாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்டுத் தாமோதரனுக்குத்தான் உதறல் எடுத்தது. பம்ப்செட்டுக் கொட்டாயில் கூழ்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அம்மனுக்கே டூப்ளிகேட்டு மஞ்சளா? சாமி குத்தம் ஆயிடப் போவுது."

"மாவும் வெல்லமும் அம்மனுக்கு ஆவாதா? மாவெளக்கு எதுல பண்றாங்களாம்?"

அவன் கூழைக் குடித்தான்.

ஆவணி முடிவதற்குள் புற்றின் உச்சி காய்ந்துவிட்டது. புது மண் வரவில்லை. சுவரில் ஏறிய கோட்டை விரலால் தட்டினால் சருகு மாதிரி உடைந்து விழுந்தது, உள்ளே ஒரு கரையான்கூட இல்லை. எறும்புகள் வாயில் வெள்ளை வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வரிசையாக வெளியே போயின. ஞானசுந்தரி மாட்டுக்கொட்டாய்க்குப் போய்க் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மற்ற மூன்று காலும் திடமாகத்தான் இருந்தன. நான்காவதற்கு ஒரு வேப்பங்கட்டையைச் செதுக்கச் சொல்லித் தாமோதரனிடம் சொன்னாள். அவன் அன்றைக்கே செதுக்கிவிட்டான். இந்தக் காரியத்தில் அவன் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

இந்தக் குஷியில் மாமியார் எப்படி இருக்கிறாள் என்பதை அவள் கவனிக்கவே இல்லை. ஜெகதாம்பாள் இப்போது அறைக்குள் போவதில்லை. காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாததுபோல அம்மிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவாள். "வளர்றா" என்ற குரல் நின்று பல நாளாகிவிட்டது.

ஒரு மத்தியானம் ஞானசுந்தரி ஏரியில் துணி துவைத்துவிட்டு வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. ஜெகதாம்பாள் உள்ளே புற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞானம், இங்க வா."

போனாள். ஜெகதாம்பாளின் உள்ளங்கை புற்றின் உச்சியில் இருந்தது. உச்சி அந்தக் கையோடு உள்ளே இறங்கியிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல பாரு," என்றாள். "வெறும் ஓடு."

"ஐயோ... அம்மன் போய்ட்டாங்களா அத்தே?"

"போவாம? கடல மாவு பூசி அனுப்பிட்டியே."

ஞானசுந்தரி ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். துணியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

"உங்களுக்கு... எப்போ தெரியும்?"

"மொத நாளே தெரியும். எட்டு வருசமா பூசிக்காதவளுக்குத்தான்டி மஞ்ச வாசன நல்லா தெரியும். தெனம் பூசிக்கறவளுங்களுக்கு எங்க தெரியப்போவுது? கன்னத்துல மாவ அப்பிக்கினு போனாளுங்க." ஜெகதாம்பாள் சிரித்தாள். "அந்த தாயாரம்மா அப்டியே ரெண்டு பஜ்ஜி போட்டுத் தின்னிருக்கலாம்."

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் அத்தே ஒண்ணும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உனுக்கு ரூம்பு வேணும்னு எனுக்குத் தெரியாதா? நானும் இந்த வூட்டுக்குப் புதுப்பொண்ணா வந்தவதானே. ஆவணி பொறந்தப்பவே அம்மன வெளிய வேப்பமரத்தாண்ட கூப்ட்டுக்கினு போய், ரூம்ப குடுத்திருக்கணும். மனசு வர்ல." அவள் கையைப் புற்றிலிருந்து எடுத்தாள். "கோயில்ல என்னைக் கிட்ட வுடமாட்டாங்க. இங்க நானே அரைச்சேன், நானே பூசனேன். யாரும் கேக்கல. இன்னும் ஒரு வாரம் ஆவட்டும், இன்னும் ஒரு வாரம் ஆவட்டும்னு இருந்துட்டேன்."

"அத்தே..."

"நீ மாவு பூசனது எனுக்கு வருத்தமில்ல ஞானம். உன் எடத்துல நான் இருந்தா மண்ணெண்ணெயே ஊத்தியிருப்பேன். அன்னிக்கு அந்தக் கிண்ணிய ஓடிவந்து ரெண்டு கையால வாங்குன பாரு. அதுதான்."

ஞானசுந்தரிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. தன் ஒருத்தியின் ஆசையைத் தவிர அந்த வீட்டில் வேறு ஆசை எதுவும் இருக்கும் என்றே அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உட்கார்ந்து மாமியார் காலடியில் அழுதாள். ஜெகதாம்பாள் அவளை அழவிட்டாள். பிறகு முறத்தை எடுத்துவரச் சொன்னாள்.

இரண்டு பேருமாகப் புற்று மண்ணைக் கூட்டி முறத்தில் அள்ளினார்கள்.

"போறவளுக்காவது நெஜ மஞ்ச வெய்யி," என்றாள் ஜெகதாம்பாள்.

ஞானசுந்தரி ஓடிப்போய் அம்மியில் மஞ்சள் அரைத்து வந்தாள். கிண்ணியை மாமியாரிடம் நீட்டினாள்.

"நீங்களே வெய்ங்க அத்தே. இங்க யாரு இருக்காங்க?"

ஜெகதாம்பாள் கிண்ணியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "வேணாம். யாரும் இல்லாதப்போ வெக்கறதுல இன்னா கீது? நீயே வெய்யி." கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஞானசுந்தரியால் வற்புறுத்த முடியவில்லை.

மண்ணை ஏரிக்கரை வேப்பமரத்தடியில் கொட்டினார்கள். அம்மன் மரத்தடிக்குப் போய்விட்டாள் என்று ஜெகதாம்பாளே தெருவில் சொன்னாள். கட்டெறும்புக் கடிக்குப் பிறகு அந்த இடமாற்றத்தை யாரும் எதிர்க்கவில்லை. தாமோதரன் சுவர் மூலையைத் தோண்டி, பொந்துக்குள் வேப்பம்புண்ணாக்கைத் திணித்து, சுண்ணாம்பு போட்டுப் பூசினான். கட்டிலை மறுபடி பூட்டி, சுவரில் படாமல் தள்ளி, கால்களுக்கு அடியில் கல் வைத்துப் போட்டான். அறை வாசலில் மஞ்சள் தூளால் ஒரு கோடு போட்டதும் எறும்புகளும் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டன. புரட்டாசி முதல் வாரத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. முனிரத்தினம் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டான்.

தை மாதத்தில் ஞானசுந்தரிக்கு மூன்று மாதம். தை முதல் வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் எல்லா வீட்டிலும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் தாயாரம்மாள், யார் பூசுகிறார்கள், யார் பூசவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானசுந்தரி மஞ்சள் கிண்ணியோடு வெளியே வந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி உள்ளே குரல் கொடுத்தாள்.

"அத்தே! என்னால குனிய முடியல. நெலப்படிக்கு நீங்க வந்து பூசுங்க."

ஜெகதாம்பாள் வெளியே வந்தாள். மருமகளைப் பார்த்தாள், கிண்ணியைப் பார்த்தாள், எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் தாயாரம்மாள். "இப்பத்தானே தெருவ அடைச்சிக் கோலம் போட்டே? அப்போ குனிஞ்ச, இப்போ முடியலையா?"

"அதாலதான் பெரிம்மா இடுப்பு புடிச்சிக்கிச்சி. வயித்துப் புள்ளக்காரி குனியக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

தாயாரம்மாள் சொல்லியிருந்தாள். ஞானசுந்தரி கிண்ணியை இரண்டு கையாலும் மாமியாரிடம் நீட்டினாள்.

ஜெகதாம்பாள் வாங்கிக்கொண்டாள். தெருவைப் பார்த்தபடி நிலைப்படிக்கு முன்னால் உட்கார்ந்தாள். விரல்களை மஞ்சளில் தோய்த்து, முதலில் மூக்கருகே கொண்டுபோனாள்.

"நெஜந்தான் அத்தே," என்றாள் ஞானசுந்தரி மெதுவாக.

ஒரு நிலைப்படிக்கு மஞ்சள் பூச எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தெருவில் மற்றவர்கள் பூசி முடித்து, பொட்டு வைத்து, உள்ளே போய்விட்டார்கள். ஜெகதாம்பாள் வெயில் ஏறுகிறவரை பூசிக்கொண்டிருந்தாள்.